தலவாக்கலைக்கு ஒரு மேக்னெட்டோ

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நிற்பதில்லை. அது தெருவில், வெயிலில் நிற்கிறது. ஷெட்டில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் வைத்த ஒரு பழைய இஞ்சின். ஒரு காலத்தில் பல்லடம் பக்கம் கிணற்றில் தண்ணீர் இறைத்தது. கல்லூரி நூலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றதிலிருந்து அதைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். தூசி வரக்கூடாது என்று கார் நுழையும் வாசலைச் சுவர் வைத்து அடைத்து, ஒற்றைக் கதவு போட்டுவிட்டேன். இன்னும் அது ஓடவில்லை. யாராவது கேட்டால் "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்பேன். என் மனைவி சுலோசனா பக்கத்தில் இருந்தால் "கொஞ்சம் பாக்கி" என்பேன்.

இப்படிப்பட்ட ஆட்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டின் படத்தைப் போட்டு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். லோகநாதன் அதில்தான் பழக்கமானார். தலவாக்கலையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றிய இஞ்சின் அவர் வீட்டுக் கொல்லை ஷெட்டில் இருந்தது. அதில் எல்லாம் இருந்தது, மேக்னெட்டோ மட்டும் இல்லை. மேக்னெட்டோ என்பது இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பெட்டி. என்னிடம் உபரியாக ஒன்று இருந்தது. உள்ளே காந்தம் இருப்பதால் கூரியர்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து லோகநாதனின் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சுலோசனாவிடம் சொன்னேன். நான் பெட்டி கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி சட்டை ஒரு மூலையில் கிடந்தது. மற்ற இடம் முழுக்க ஸ்பேனர்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறந்தார். துண்டில் சுற்றியிருந்த மேக்னெட்டோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அதிகாரியைச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மாவரைக்கும் இயந்திரத்துச் சாமானாக இருக்கும் என்று அவர் சொன்னதாகப் பின்னால் நின்ற ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார். எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி தமிழில் கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். இது எதற்கு என்றார். கல்யாணப் பரிசு என்றேன்.

"பெண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?"

"பெண்ணோட அப்பாவுக்கு."

அவர் மேக்னெட்டோவைத் திரும்பத் துண்டில் சுற்றினார். பிறகு பையை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ரயில். இறால் பதித்த வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். சூடாக, மொறுமொறுப்பாக, பழைய பாட நோட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு மாணவனின் கணக்கு அதில் இருந்தது. தப்பு போட்டிருந்தார் வாத்தியார். வடையைத் தின்றபடி அந்தக் கணக்கைச் சரிபார்த்தேன். வாத்தியார் போட்டதுதான் சரி.

என் பலவீனத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய வார்ப்பிரும்பைக் கண்டால் அதில் ஆண்டு பொறித்திருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. தெருக்குழாய், பாலத்துக் கைப்பிடி, தையல் மெஷின் கால் எதுவானாலும் குனிந்து பார்ப்பேன். ஹட்டன் நிலையத்தில் வண்டி நின்றபோது, பிளாட்பாரத்தின் கடைசியில் ஓர் இரும்புக் கம்பம் தெரிந்தது. நீராவி இஞ்சின்களுக்குத் தண்ணீர் ஊற்றிய கம்பமாக இருக்கலாம் என்று தோன்றியது. மேக்னெட்டோப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். கம்பத்தின் அடியில் எழுத்துகள் இருந்தன. ஆனால் வருஷா வருஷம் அடித்த பெயிண்ட், எழுத்தை மூடித் தடித்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முதல் எண் ஒன்று என்று தெரிந்தது. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான். நிமிர்ந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. என் பெட்டி உள்ளே இருந்தது.

லோகநாதனுக்குப் போன் செய்தேன், வெகு நேரம் கழித்துத்தான் கிடைத்தார். அவர் தலவாக்கலை நிலையத்தில் மாலையோடு காத்திருந்தாராம். வண்டி வந்ததும் ஏறித் தேடியிருக்கிறார். எதிர் இருக்கை அம்மாள் பெட்டியைக் கொடுத்து, "இதுக்குரியவரு ஹட்டன்ல ஒரு கம்பத்தக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னாருங்க" என்று சொன்னாராம். மாலையைப் பெட்டிக்குப் போட்டுக் கொண்டுபோய்விட்டதாக லோகநாதன் சொன்னார்.

ஹட்டனிலிருந்து பஸ் பிடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெண்மணி சாமி சிலையா என்று கேட்டார். யாழ்ப்பாணத் தமிழை எதிர்பார்த்துப் போன எனக்கு, அவர் பேச்சைக் கேட்டதும் திருச்சி பஸ் ஸ்டாண்டில் இருப்பதுபோல இருந்தது. இஞ்சின் சாமான் என்று விளக்கி, பழைய இஞ்சின்களைச் சீராக்குவது என் பொழுதுபோக்கு என்றும் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்க வேண்டாம். பாதி வழியில் பஸ் இருமி நின்றது. பெண்மணி எழுந்து, "இந்தா இவரு இஞ்சின் பாக்கிறவராம்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். வழி விட்டார்கள். வேறு வழியில்லாமல் முன்னே போனேன். எரிபொருள் குழாயில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று டிரைவருக்கு விளக்கினேன். பணிவாகக் கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும், "டீசல் முடிஞ்சி போச்சிங்க சேர், பொடியன் வாங்கப் போயிருக்கான்" என்றார்.

லோகநாதன் வீடு ஊருக்குச் சற்று மேலே இருந்தது. முற்றத்திலிருந்து பார்த்தால் நீர்த்தேக்கமும், அதற்கு மேலே தேயிலை மலையும் தெரியும். பார்த்தால் என்கிறேன். நான் வந்ததும் ஷெட்டுக்குத்தான் போனேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். நேரில் அன்றுதான் முதல் சந்திப்பு. இருவரும் கை குலுக்கவில்லை. அவர் சாக்கை விலக்கினார், நான் டார்ச்சை அடித்தேன்.

இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் பீப்பாய்போல ஒரு சிலிண்டர். அதன் தலையில் திறந்த தண்ணீர்த் தொட்டி. சிலிண்டரைச் சுற்றி அந்தத் தண்ணீர் நின்று சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பாகமாகத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து இங்கேயே பூட்டியதாக லோகநாதன் சொன்னார். குரலில் பெருமை இருந்தது. இருக்காதா?

இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பரிமாறிய லோகநாதனின் மனைவி பத்மா கேட்டார்.

"அண்ணே, நீங்க கல்யாணத்துக்கு வந்தீங்களா, அந்த இரும்புக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தாம்மா."

"மொதல்ல எங்க போனீங்கன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பொகவந்தலாவையிலிருந்து உறவினர்கள் வந்து இந்த வீட்டில்தான் தங்கப்போகிறார்கள். மழை எந்த நேரமும் வரும். சமையலுக்குக் கூரை போட்ட இடம் அந்த ஷெட் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் இஞ்சின் ஓடினால் ஒரு மூலைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பழைய இரும்பு எடுக்கும் நியாஸ் நானாவின் லொறி வரும்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு லோகநாதன் மனைவியிடம் தலையாட்டியிருக்கிறார். என் மேக்னெட்டோவை நம்பித்தான் தலையாட்டியிருக்கிறார்.

புதன்கிழமை காலையில் நேரே மேக்னெட்டோவைப் பூட்டியிருக்க வேண்டும். நாங்கள் பூட்டவில்லை. இஞ்சினின் அசல் நிறம் என்ன என்ற பேச்சு வந்துவிட்டது. ஒரு மூலையில் சுரண்டினோம். மேலே சாம்பல், அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே பச்சை. பச்சைதான் அசல் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எந்தப் பச்சை என்பதில்தான் மதியம்வரை போனது. முற்றின தேயிலை நிறம் என்றார் அவர். அதைவிட வெளுப்பு என்றேன் நான். வேலியோரச் செடியிலிருந்து இலைகளைப் பறித்து வந்து சிலிண்டர்மேல் ஒட்டி வைத்துப் பார்த்தோம். இஞ்சின் முதல் உலகப் போருக்கு முந்தியதா பிந்தியதா என்பதில் மீதி நாள் போனது. சக்கரத்தில் பொறித்திருந்த எண் ஒன்றைச் சொன்னது, பெயர்த் தகட்டிலிருந்த எண் வேறொன்றைச் சொன்னது. இரண்டு இஞ்சினின் உடம்பைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம் என்று நான் சொன்னேன். ஒருவருடைய குலத்தைப் பழித்ததுபோல லோகநாதனின் முகம் மாறியது. பேச்சை நிறத்துக்கே திருப்பிக்கொண்டேன்.

நடுநடுவே பிளேன் டீ வந்துகொண்டிருந்தது. இஞ்சி தட்டிப்போட்டு, சீனியைத் தனியாகக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். எங்கள் கைகளில் கிரீஸ் இருந்ததால் சீனியோடு அதையும் கொஞ்சம் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை மேக்னெட்டோவைப் பூட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, அழகாகப் பொருந்தியது. பெட்ரோல் ஊற்றி, கைப்பிடியைப் போட்டு மாறி மாறிச் சுற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் காற்று லேசு என்றேன். அவர் அங்கேயே பிறந்தவர், அவருக்கும் வாங்கியது. கடைசியாக ஒருமுறை இருவரும் சேர்ந்து சுற்றினோம்.

ஒரு வெடி வெடித்தது. இஞ்சினுக்குள் அல்ல, புகைக்குழாயில். எத்தனையோ காலமாக உள்ளே படிந்திருந்த கரி அத்தனையும் ஜன்னல் வழியாக வெளியே போனது. ஜன்னலுக்கு எதிரே, கல்யாணத்துக்காக முந்தின வாரம் வெள்ளையடித்த வீட்டுச் சுவர். நாய்கள் குரைத்து அடங்கிய பிறகு பத்மா வந்தார். சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றோம். திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நானாவுக்குத்தான் பேசப் போறா," என்றார் லோகநாதன்.

அன்று மாலை அவர் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துச் சுவரை அடித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கரி மங்கலாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. இஞ்சின் போனால் அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. அவர் பிரஷ்ஷை வாளியில் முக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் பந்தக்கால் நட்டார்கள். மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்துக் கும்பிட்ட கையோடு நியாஸ் நானாவின் லொறி வந்தது. பருத்த, சாந்தமான மனிதர். கூட இரண்டு ஆட்கள். ஷெட்டுக்குள் போய் இஞ்சினைச் சுற்றி வந்தார். வாசலுக்கு வந்தார். திரும்ப உள்ளே போனார். கையை விரித்துச் சக்கரத்தை அளந்து, விரித்த கையை அப்படியே வாசல்வரை கொண்டுவந்தார். கை கதவு நிலையில் இடித்தது.

"லோகு, இத எப்பிடி உள்ளுக்கு எடுத்தீங்க?"

லோகநாதன் விளக்கினார். பாகம் பாகமாக. தீபாவளிக்குத் தீபாவளி. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். சக்கரங்கள் தண்டில் இறுகிப்போயிருந்தன. கழற்ற வழியில்லை. இத்தனை வருஷத்தில் வாசலை யாரும் அளக்கவில்லை. போல்ட்டின் மரையை அளக்கத் தனிக் கருவி வைத்திருந்தோம், வாசலுக்கு ஒரு டேப் வைத்துப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஓரமாகப் போய்ச் சுலோசனாவுக்குப் போன் செய்து, நம் ஷெட் கதவின் அகலத்தைக் கொஞ்சம் அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். சும்மா என்றேன்.

திரும்பி வந்தபோது நானாவின் ஆள் லொறியிலிருந்து பெரிய சம்மட்டியை எடுத்து வந்திருந்தான். வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி, சரியான இடத்தில் நாலு போட்டால் துண்டு துண்டாகிவிடும், வாசல் ஒரு பிரச்சினையே இல்லை என்று நானா சொன்னார். அது உண்மை. லோகநாதன் இஞ்சினுக்கும் சம்மட்டிக்கும் நடுவில் போய் நின்றார். ஒரு துணியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பத்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சம்மட்டிய வைக்கச் சொல்லுங்க நானா," என்றார். "பந்தக்கால் நட்டாச்சு. கல்யாணம் முடியிற வரைக்கும் இந்த வீட்டுல எதையும் ஒடைக்கக் கூடாது. திங்கக்கிழமை வாங்க."

நானா தலையாட்டினார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் டீ குடிக்காமல் போகக்கூடாது என்று அவருக்கும் சீனியும் பிளேன் டீயும் வந்தன. பத்மா எங்கள் பக்கம் திரும்பினார். முற்றத்தில் தார்ப்பாய் கட்டிச் சமைத்துக்கொள்வதாகவும், திங்கள்வரை இஞ்சினை ஓட்டிப்பார்க்கிற பேச்சே கூடாது என்றும் சொன்னார். சுவரைக் காட்டித்தான் சொன்னார்.

ஓட்டத்தான் கூடாது, தொடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை வீடு நிறைய உறவினர்கள் வந்திறங்க, நாங்கள் ஷெட்டுக்குள் ஒதுங்கினோம். பெட்ரோல் இல்லாமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தோம். பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். அதில் ஒரு முறைதான் பொறி வேண்டும். நாங்கள் மற்ற முறைக்கு வைத்திருந்தோம். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, எல்லாரும் செய்கிற தவறு என்று நான் வழக்கமாக எழுதும் எச்சரிக்கை இதுதான். அந்தச் செய்தியைக் கைப்பேசியில் தேடி எடுத்துப் படித்துக்கொண்டே பல்சக்கரத்தைச் சரியாக மாற்றினேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை உடைபடப் போகிற இஞ்சினின் தண்ணீர்த் தொட்டியை லோகநாதன் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். துரு, பாசி, உப்பு எல்லாம் போய், ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக நிற்கும்வரை தேய்த்தோம்.

ஞாயிறு விடிந்தபோது மழை. கரண்ட் இல்லை. குளியலறை ஹீட்டர் செத்துக் கிடந்தது. கேஸ் அடுப்புகள் அத்தனையும் சமையல்காரர்களிடம். விறகு இரவெல்லாம் நனைந்து புகைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். எங்கள் ஊரில் ஜனவரி மாதம் சட்டைக்குமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குளிர் என்று சொல்லிக்கொள்வோம். அதை நினைத்து வெட்கப்பட்டேன். பெண் குளிக்க வேண்டும், அவளுடைய அத்தைமார் குளிக்க வேண்டும், முகூர்த்தமோ காலையில். பத்மா கையில் வெறும் வாளியோடு முற்றத்தில் நின்றார். அப்போதுதான் முதன்முறையாக அவர் கலங்கிப் பார்த்தேன்.

லோகநாதன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பத்மா, அது ஓடுனா மேல தொட்டியில தண்ணி கொதிக்கும்," என்றார்.

"வெடிக்குமா?"

"வெடிக்காது."

பத்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. வெடிக்குமா?"

வெடிக்காது என்றேன். சரிபார்க்காமல் நான் எதையும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

சுவருக்கு முன்னால் ஒரு பழைய தகரத்தைச் சாத்தினோம். லோகநாதன் கைப்பிடியைப் பிடித்தார். முதல் சுற்றுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு தும்மல். அடுத்ததற்கு இஞ்சின் ஒருமுறை அதிர்ந்து, யோசித்து, டக் என்றது. பிறகு இன்னொரு டக். சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. சுற்றிக்கொண்டே இருந்தன. லோகநாதன் கைப்பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கல்யாணப் பெண்ணின் பெரியத்தை, தலையில் துவாய் கட்டிக்கொண்டு வந்து, "தண்ணி காஞ்சிருச்சாங்க?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. முந்தின நாள் தேய்த்த தேய்ப்பில் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மொண்டு எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். முதல் வாளி பெண்ணுக்குப் போனது. அப்புறம் ஷெட் வாசலில் வாளிகள் வரிசை கட்டின. நாங்கள் புதன்கிழமை ஆராய்ந்த பச்சை நிறத்தை யாரும் பார்க்கவில்லை. ஆண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சூடு போதுமா என்று மட்டும் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

பந்திக்கு இரவல் தந்த அண்டாக்களோடு நியாஸ் நானா வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். சத்தத்தைக் கேட்டு ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்டா கழுவ ஒரு வாளி வெந்நீர் கிடைக்குமா என்று வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும், மொண்டுகொண்டிருந்த பத்மாவிடம் கேட்டார்.

"அப்ப நாளைக்கு லொறியக் கொண்டு வரவா தங்கச்சி?"

"எதுக்கு நானா?" என்றார் பத்மா, நிமிராமல்.

லோகநாதன் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு இஞ்சினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் அங்கேயே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் வேட்டியில் கிரீஸோடு போட்டோவில் இருக்கிறேன்.

கோயம்புத்தூர் திரும்பியபோது சுலோசனா ஷெட் கதவருகே டேப்பைத் தொங்கவிட்டிருந்தாள். அளந்துவிட்டாள். நான் பயந்த அளவுதான். நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னேன், பந்தக்கால், சம்மட்டி, வாளி வரிசை உட்பட. கவனமாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: நம்ம இஞ்சின்லயும் வெந்நீர் வருமா?

டேப்பைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். எங்களுடையது காற்றில் குளிர்கிற ரகம், தண்ணீர்த் தொட்டியே கிடையாது.